ஓடாத ட்ராமுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குளிப்பு

சுவிசில் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருப்பதால், இந்தச் சின்ன ஆலை ஊரின் பெருமையைப் பார்க்கிறேன்: சாலைச் சுற்றுவட்டத்தின் நடுவே ஒரு மின்சார ட்ராம். ஆலைக்கு ஆள் ஏற்ற வந்தது. ஆலையை மூடியதும், நட்டமென்று இதையும் நிறுத்தி பஸ் விட்டார்கள். ஓடியபோது இத்தனை மரியாதை கிடைத்திருக்காது. இப்போது பூந்தொட்டி, கமெரா, உள்ளே சாப்பிடக்கூடாதென்ற அறிவிப்பு வேறு.

ஆலையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் ட்ராமைத் துணியால் துடைக்கிறார்.

"கழுவ மெஷின் இல்லையோ அண்ணை?"

"இருக்கு. கிழமை நாளில றோட்டை மறிக்கேலாதாம், ஞாயிறில சத்தம் போடேலாதாம். அதால கையாலதான்."

"எதில வாறியள்?"

"அப்ப மில்லுக்கு இந்த ட்ராமிலதான் வந்தனான். இப்ப ஞாயிறில பஸ்ஸும் இல்லை. இதைத் துடைக்க நாலு கிலோமீற்றர் நடந்து வாறன்."