பதினொன்று முதல் மூன்று வரை

சரோஜம் அக்கா விழுந்துவிட்டார் என்று அவர் மகள் ஃபோன் செய்தபோது மதியம் இரண்டு மணி. நான் நர்ஸாக வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். பாறசாலையைத் தாண்டி, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டுப் படியில் விழுந்திருக்கிறார். கையில் நோட்டீஸ் கட்டு. பகல் பதினொன்று முதல் மூன்று வரை வெயிலில் இறங்காதீர்கள் என்றுதான் அதில் அச்சடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். வருஷக்கணக்கில் ஆஷா சுகாதாரப் பணியாளராக வீடுவீடாக நடந்தவர். இந்த நோட்டீஸுக்காக நெய்யாற்றின்கரையில் ஏசி ஹாலில் கூட்டம் போட்டார்கள். உலகமெங்கும் வெயில் ஆட்களைக் கொல்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். அக்கா எழுந்து, இதை நாங்கள் எந்த நேரத்தில் நடந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, வாழைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் உச்சிவெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. "நெஞ்சு எல்லாருக்கும் நிக்கும் சிஸ்டரே. எதனால நிண்ணுதுண்ணு எழுதணும். அதாக்கும் என் கேள்வி" என்றார். எந்த நாட்டில் செத்தாலும் இதே கதைதான் போலிருக்கிறது. கொல்வது வெயில், பழி நெஞ்சின்மேல்.

அக்கா இறந்த அன்று காலை, ஆஷா பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டது நான். மாலைக்குள் எல்லா வீட்டிலும் நோட்டீஸ் கொடுத்து, வீட்டுக்காரர்களோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். மேலே இருந்து வந்ததை அப்படியே தள்ளிவிட்டேன். அக்கா கூப்பிட்டார். "எல்லாரும் நூறு நாள் தொழிலுறப்பு வேலைக்குப் போயாச்சு. உச்சைக்குச் சோறு தின்ன வரும்போதான் வீட்டுல ஆளு உண்டு. நான் என்ன செய்ய?" நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அதைச் சொல்லாமல், குடை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவருக்கும் மாரடைப்பு என்றே எழுதியிருக்கிறார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே, மீதி வீடுகள் எப்போது முடியும் என்று கேட்டுச் செய்தி வந்தது. வெட்கம் கெட்டவர்கள். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

அக்காவின் நோட்டீஸ் கட்டில் மிஞ்சியவை என்னிடம் இருக்கின்றன. ஒன்றின் பின்பக்கத்தில், அக்கா கேட்டபடி எழுதி வைத்திருக்கிறேன். சரோஜம், ஆஷா பணியாளர். நெஞ்சு நின்றது வெயிலால். வெயிலில் அனுப்பியது நான்.