காப்புக் கட்டின கையோடு

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஆனால் என் உண்மையான உத்தியோகம் டிரைவரை எழுப்புவதுதான். டிரைவர் அண்ணன் தனிக்கட்டை. இடி விழுந்தாலும் அசையமாட்டார். விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டுக்குப் போய் உலுக்கி, மூஞ்சியில் தண்ணீர் தெளித்து, டீ வாங்கி ஊற்றி, காக்கிச் சட்டையை மாட்டிவிட்டு இழுத்து வருவேன். இவன் இல்லாவிட்டால் முதல் டிரிப்பே கிடையாது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்வார். அதைக் கேட்டால் எனக்குத் தலையில் இரண்டு கொம்பு முளைக்கும். காய்ச்சலோடும் வேலைக்குப் போனேன். லீவு போட்டால் அண்ணன் கதி என்ன ஆவது?

இந்த லட்சணத்தில் என் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. மூன்றாவது முகூர்த்தமும் தவறினால் பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிடுவதாக மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். பெண்ணை ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை விடுவதா? ஒருவழியாக லீவு போட்டேன்.

கல்யாணம் பெண் வீட்டில், எங்கள் பஸ் போகிற வழியிலேயே பக்கத்து ஊரில். முதல் நாளே காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டின மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆனால் விடியலில் விழித்தவனுக்கு ஒரே நினைப்பு: அண்ணனை யார் எழுப்புவார்கள்? நலங்கு வைத்த மூஞ்சி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் மஞ்சள் கயிறு. அப்படியே சமையல்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். தெரு நாய்கள் எல்லை வரைக்கும் கூடவே ஓடிவந்தன.

அண்ணன் வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். குளித்து, விபூதி பூசி, கஞ்சி போட்ட சட்டையோடு கண்ணாடி முன்னால் பாடிக்கொண்டே மீசையைச் சீவிக்கொண்டிருந்தார். நான் செருமினேன். திரும்பி என்னைப் பார்த்தவர், பார்த்த வேகத்தில் கட்டிலில் பாய்ந்து போர்வையை இழுத்து மூடிக் குறட்டை விட்டார்.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். போர்வைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"இன்னா பண்ணச் சொல்றே? எப்பவோ ஒரு நாளு அசந்துட்டேன், வந்து எயுப்புனே. மறுநாளும் வந்து நின்னே. நான் முயிச்சிக்கினு இருந்தா உன் மூஞ்சி வாடிப்பூடுது. டீயும் வந்துக்கினு கீது. அதான் தூங்கிக்கினே கீறேன்."

அப்புறம் அவரே சைக்கிளை பஸ்மேல் ஏற்றி, என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார். சந்தைக்குப் போகிற பெண்கள் மாப்பிள்ளைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று கேலி பண்ணினார்கள். என் இடத்துக்கு வந்திருந்த புதுக் கண்டக்டர் விசில் ஊதினார். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. நெஞ்சில் சுருக்கென்றது. ஐயங்கார்குளத்துக்காரர் ஒருவருக்குச் சில்லறை கொடுக்கத் தானாக நீண்ட என் கையை நானே மடக்கிக்கொண்டேன்.

பெண் வீட்டில் வைக்கோல் போரைக்கூடக் கலைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் என்னை இறக்கின வேகத்தில் மணையில் உட்காரவைத்தார். தாலி கட்டி முடிந்ததும் பெண் குனிந்த தலை நிமிராமல், எங்கே போனீர்கள் என்று கேட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"எனக்குத் தானா முயிப்பு வந்துடும். என்னை எயுப்ப வராதீங்க."

இனி எனக்கு என்ன வேலை என்று தெரியாமல், மாலையும் கழுத்துமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அத்தனை சுகமாக இருந்தது.