அந்தம்மா என்ன சொல்கிறார்?

திட்டத் துறை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘ரெட்டை நாக்கு’ என்பார்கள். கேலிதான், ஆனால் வேலையும் அதுதான். வெளிநாட்டு உதவிக் குழுக்கள் வந்தால் அவர்கள் பேசுவதை இங்குள்ளவர்களுக்கும், இவர்கள் பேசுவதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான வருஷம் சேர்ந்த வேலை. இப்போது மகளுக்கே கல்யாண வயது. பகலெல்லாம் மற்றவர்கள் பேச்சைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்தமாக ஒரு வார்த்தை பேசத் தெம்பு இருக்காது.

“உங்கம்மா வாயை ஆபீஸ்ல அடகு வச்சுட்டு வந்திருக்கா,” என்பார் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர். மகள் சிரிப்பாள். அம்மா காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

மனித உரிமை என்ற சொல்லை இரண்டு மொழியிலும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தேசியத் திட்டத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. அதை வாசிக்கும்போதுதான் அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு முறை வந்த விஷயம் கால்வாய். பெருமழை வந்தால் நகரத்தில் பாதி மூழ்கிவிடும். கால்வாயை அகலப்படுத்தி இரு கரையிலும் சுவர் எழுப்ப வெளிநாட்டு உதவி கிடைத்திருந்தது. கரையில் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். அவர்கள் சம்மதித்துத்தான் போகிறார்களா என்று நேரில் கேட்க உதவிக் குழு வந்திருந்தது.

வேனில் போகும்போது துறை இயக்குநர் அவள் பக்கம் திரும்பி, “சுருக்கமா சொல்லுங்கம்மா. எல்லாத்தையும் கொட்ட வேண்டாம்,” என்றார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வேலை நடந்தாக வேண்டும் என்று வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தவர்.

கால்வாய்க் கரைச் சமுதாயக் கூடத்தில் முன்வரிசை ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து ரொம்ப சந்தோஷம் என்றார்கள். துறை அழைத்து வந்து உட்கார வைத்த ஆட்கள். பிறகு பின்வரிசையிலிருந்து, துணி தேய்த்துப் பிழைக்கும் இஸ்திரிக்காரம்மா எழுந்தாள்.

“எங்களை யாரும் கேக்கலைங்க. ஆளுங்க வந்து சுவத்துல சிவப்புக் கோடு போட்டுட்டுப் போனாங்க. நாங்க எங்க போறதுன்னு என் மருமகன் கேட்டான். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் வீடு வந்து சேரல. இங்க பேசினா எனக்கும் அதே கதிதான். இருந்தாலும் சொல்றேன்.”

அந்தம்மா என்ன சொல்கிறார் என்று குழுத் தலைவர் கேட்டார்.

“வேலை வாய்ப்பு கேக்கறாங்கன்னு சொல்லிடுங்க,” என்றார் இயக்குநர் மெல்ல.

அவளுக்குத் துணிச்சல் ஒன்றும் பொங்கி வரவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி, அடுத்து வரும் கேள்விகளிலெல்லாம் அதைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டே போக அன்றைக்குத் தெம்பில்லை. இஸ்திரிக்காரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள், மருமகன் விஷயத்தையும் சேர்த்து.

திரும்பும்போது இயக்குநர் வேனில் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டார்.

குழு விசாரித்ததால் இஸ்திரிக்காரம்மாவின் மருமகனை அந்த வாரமே விட்டுவிட்டார்கள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். உதவி நிறுத்திவைக்கப்பட்டது. அவளைப் பழைய கோப்புகள் அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை.

“பேசாம இருக்கறதுக்கும் அதே சம்பளம்தானே,” என்றார் கணவர். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “சரியாத்தான் செஞ்சிருக்கே,” என்றும் சொன்னார்.

மழைக்காலம் வந்தது. கால்வாய் பழையபடியேதான் கிடந்தது. தண்ணீர் வடிந்தபின் இஸ்திரிக்காரம்மா அலுவலகத்துக்குத் தேடி வந்தாள்.

“வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணிக்கா. அடுத்தவங்க துணியெல்லாம் சேறாப் போச்சு. நீ வாயைத் தொறந்ததாலதான் வேலை நின்னுச்சுன்னு கரையில எல்லாரும் என்னைத் திட்டறாங்க.”

“நான் சொன்னதாலதாம்மா நின்னுச்சு.”

“நீங்க நான் சொன்னதைத்தானே சொன்னீங்க?” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கால்வாயும் வேணும். கேள்வி கேட்டா அடிக்கவும் கூடாது. ரெண்டும் கேட்டா பேராசையாக்கா?”

அவள் அந்தம்மாவைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் குழு மறுபடி வந்தது. மாற்று வீடு தயாரான பிறகே யாரையும் காலி செய்யச் சொல்லலாம், கேள்வி கேட்பவர்மேல் கை வைத்தால் உதவி கிடையாது என்று இம்முறை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். இயக்குநர் கோப்பு அறை வாசலில் வந்து நின்றார்.

“அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க. எனக்கும் வேற வழியில்லம்மா.”

வீடுகள் கட்டப்பட்டன, நகரத்துக்கு வெளியே, பஸ் அபூர்வமாக வரும் இடத்தில். இஸ்திரிக்காரம்மாவுக்கு நாலாவது மாடி. துணி மூட்டையோடு ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறாள், ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதில்லை. கால்வாய்ச் சுவரும் எழும்பிவிட்டது. கரையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு மட்டும் இன்னும் வீடு கிடைக்கவில்லை. அவர்களுக்கான கூட்டம் தனியாக நடக்கிறது. கேள்விகள் அதேதான், பதில்களும் கிட்டத்தட்ட அதேதான். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போய் நடுவில் உட்கார்ந்து, அவள் இரண்டு பக்கத்துக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.