வாத்துப் பாட்டும் எங்கள் கிரீஸ் கன்னும்

1. ஸ்டாப்

ஜெர்மன்காரர் "ஸ்டாப்!" என்று கத்தியபோது நாங்கள் ஐந்து பேரும் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு நின்றோம்.

நின்றிருந்த இடம் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் மேல்தட்டு. இந்த இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழா ராட்டினத்தில் தொட்டிகளை எடுத்துவிட்டுப் பல் வைத்த வாளிகளை மாட்டி, அதை ஒரு நீளமான இரும்புக் கையின் நுனியில் சுழலவிட்டால் எப்படி இருக்குமோ, அதுதான் அது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சுரண்டிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டுவது அதன் வேலை. அன்றைக்கு ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக இயந்திரத்தை நிறுத்திவைக்கும் நாள். அத்தனை உயரத்தில் ஒருவர் "ஸ்டாப்" என்று கத்தினால் ஏதோ அறுந்துவிட்டது, அல்லது யாருடைய விரலோ போய்விட்டது என்று அர்த்தம். நான் முதலில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைப் பார்த்தேன். பிறகு எல்லோருடைய விரல்களையும் எண்ணினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

ஜெர்மன்காரர் கையை நீட்டி முனுசாமியின் வாயைக் காட்டினார்.

"இன்னாங்க சார், என் பல்ல காட்டிகினு நிக்கிறாரு?" என்றார் முனுசாமி.

"நீ பாடினாயே, அது யார் பாட்டு?" என்று கேட்டார் ஜெர்மன்காரர். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

"அது ஃபோர்மேன் சார் பாட்டு" என்று முனுசாமி என்னைக் கைகாட்டிவிட்டார்.

2. ஒரு பேரிங், ஒரு பாட்டு

நான் ஜெபராஜ். சுரங்கத்தில் மெக்கானிக்கல் மெயின்டனன்சில் ஹெல்பராகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவன். இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

எக்ஸ்கவேட்டரின் பெரும்பாலான பேரிங்குகளுக்கு கிரீஸ் தானாகவே லைனில் போய்விடும். சில இடங்களுக்கு மட்டும் ஷட்டவுனில் கையால், சைக்கிள் பம்பு மாதிரி, கிரீஸ் கன் அடிக்க வேண்டும். எத்தனை அடி என்று மேனுவலில் இருக்கிறது. இருந்து என்ன பயன்? ஒருவன் முப்பத்திரண்டு என்று எண்ணும்போது பக்கத்தில் இருப்பவன், "நேத்து மேட்ச்சு பாத்தியாடா?" என்பான். இவன், "பாத்தேன், முப்பத்தஞ்சுல அவுட்டு" என்பான். அதற்குப் பிறகு அவன் எண்ணுவது அடியா ரன்னா என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம். சிறு வயதிலிருந்து சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவன். எங்கள் சபையில் அடக்க ஆராதனைக்கென்று ஒரு பழைய பாட்டு உண்டு. மெட்டு வெள்ளைக்காரர்களுடையது, வார்த்தை தமிழ். பாட்டுப் புத்தகத்தில் இயற்றியவர் பெயர் இருக்காது. ஒருநாள் கிரீஸ் அடித்துக்கொண்டே அதை முணுமுணுத்தேன். ஒரு வரிக்கு இத்தனை அடி என்று வைத்து முழுப் பாட்டையும் ஒரு தடவை பாடினால் ஒரு பேரிங் கச்சிதமாக நிறைகிறது! அன்றிலிருந்து எங்கள் கேங்கில் எண்ணிக்கை ஒழிந்தது. ஒரு பேரிங்குக்கு ஒரு பாட்டு.

ஒரே சங்கடம் வேகம்தான். அது சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேகத்தில் பாடுகிற பாட்டு. அப்படிப் பாடி கிரீஸ் அடித்தால் அடுத்த ஷிஃப்ட்காரர்களே வந்துவிடுவார்கள். அதைச் சரிசெய்தவர் முனுசாமி. வளையமாதேவிக்காரர், கான்ட்ராக்ட் தொழிலாளி, எங்கள் கேங்கிலேயே நல்ல குரல் அவருக்குத்தான். பாட்டை மூன்று பங்கு வேகமாக்கினார். வேதவசனமெல்லாம் நமக்கு வராது என்று சொந்த வார்த்தைகளையும் போட்டுக்கொண்டார்.

"அடி அடி கிரீச அடி, ஆறிப் போவுது டீயக் குடி" என்று அது ஆரம்பிக்கும். மற்ற வரிகளை அச்சில் போட முடியாது.

பத்து வருடமாக நாங்கள் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். ஜெர்மன்காரர் ஸ்டாப் சொன்னதும் அதற்குத்தான்.

3. கிராம்பெர்க்கின் பாதிப் பாட்டு

அவர் பெயர் லோத்தர். கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்காக நான்கு மாதம் வந்திருந்தார். ரிட்டயர் ஆகும் வயது. பேரிங்கில் தடி வைத்துக் காதைக் கொடுத்தால் உள்ளே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அன்று டிஃபன் நேரத்தில் இட்லியைத் தொடாமல் அவர் சொன்ன கதை இது.

அவருடைய ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டில் தோபியாஸ் கிராம்பெர்க் என்று ஒருவர் இருந்தார். கோயிலில் ஆர்கன் வாசிப்பவரின் மகன். ஓபரா எழுதுவதுதான் வாழ்க்கை என்று கிளம்பினார். ஓபரா என்றால் நம் கூத்து மாதிரி. சண்டை போட்டாலும் பாட்டு, சாப்பாடு கேட்டாலும் பாட்டு. ஏழு ஓபரா எழுதினார். ஆறு மேடையேறவே இல்லை. ஏழாவது ஏறியது, சில நாளில் இறங்கியது. பிறகு அந்தக் கொட்டகை தீப்பிடித்து அவருடைய நோட்டுகள் எல்லாம் எரிந்துபோயின. கடைசியில் ஒரு வெண்ணெய் வியாபாரியின் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியாராக இருந்து செத்துப்போனார்.

"ஆனால் அந்த ஏழாவது ஓபராவில் ஒரு பாட்டு ஊர் வாயில் ஒட்டிக்கொண்டது" என்றார் லோத்தர். "டவுன்ஹால் கடிகாரத்தில் அதை வைத்தார்கள். ஆணி பதித்த இரண்டு பித்தளை உருளைகள். ஒன்றில் முதல் பாதி, மற்றதில் இரண்டாம் பாதி. ஒரு யுத்தத்தில் உலோகம் வேண்டுமென்று இரண்டாவது உருளையை உருக்கிவிட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டு மணிக்கு ஒரு தடவை பாதியில் நிற்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. மிச்சம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரையாக விசாரித்துக்கொண்டே இருந்தார். கேட்காமலேயே போய்விட்டார். இன்று நீங்கள் அது நிற்கும் இடத்தைத் தாண்டிப் பாடினீர்கள்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நிலக்கரித் தூசி என்றார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

யாரோ ஒரு வாலிப மிஷனரி, கப்பலேறும் முன் கேட்ட மெட்டைத் தலையில் சுமந்துவந்து நம் கடற்கரையில் இறக்கித் தமிழ் வார்த்தை போட்டிருக்க வேண்டும். பாதிரியார் மெதுவாகப் பாடச் சொன்னதில் அதன் முகமே மாறிவிட்டது. முனுசாமி வேகப்படுத்தியதும் பழைய முகம் வந்துவிட்டது.

"அந்தப் பாட்டு எதைப் பற்றியது?" என்று கேட்டேன்.

"கொட்டகையில் விற்ற வசனப் புத்தகம் ஒன்று என் பெட்டியிலேயே இருக்கிறது, வார்த்தை மட்டும். எஜமானின் வாத்தைத் தின்றுவிட்ட சமையல்காரன், வாத்தைக் காணோமே என்று தேடுவதுபோல் நடித்துப் பாடுகிறான்."

இட்லி எனக்குப் புரையேறியது. எத்தனை பேரை அந்த வாத்தோடு சேர்த்து வழியனுப்பியிருக்கிறோம்!

4. கேசட்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோத்தரைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். எங்கள் குழு உருக்கமாகப் பாடியது. முடிந்ததும் அவர், "அழகாக இருந்தது. ஆனால் இதில் கிராம்பெர்க் எங்கே?" என்றார். ஒவ்வொரு எழுத்தையும் நாங்கள் இழுத்த இழுப்பில் மனிதர் தொலைந்துபோயிருந்தார்.

ஆகவே அவர் கேசட்டில் பதிவு செய்துகொண்டது எக்ஸ்கவேட்டரில்தான். கையில் கன் இல்லாமல் பாடச் சொன்னால் முனுசாமிக்குத் தாளம் வரவில்லை. "கன்ன குடுங்க சார், கை சும்மா இருந்தா வாய் வரமாட்டேங்குது" என்றார். கன்னைக் கொடுத்ததும் பிய்த்து உதறிவிட்டார். நாங்கள் நால்வரும் பின்பாட்டு.

லோத்தர் அன்றே கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து வசனப் புத்தகத்தின் வார்த்தைகளை அந்த மெட்டில் பொருத்தியிருக்கிறார். மறுநாள் ஓடிவந்தார். "எல்லாம் பொருந்துகிறது ஜெபராஜ்! இரண்டாம் பாதியில் ஓர் இடத்தில் பாட்டு சட்டென்று நிற்கிறதே, கவனித்தாயா? அங்கேதான் சமையல்காரன் ஏப்பம் விடுகிறான்! தின்றவன் அவன்தான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது! கிராம்பெர்க் மேதை!" என்றார்.

"கோயிலில் பாடுவதும் இதே மெட்டுதானே, ஒன்றும் மாற்றவில்லையே?" என்று ஒரு தடவை கேட்டார்.

"இல்லவே இல்லை சார். வேகம் மட்டும்தான்" என்றேன். ஃபோர்மேன் தோரணையில், யோசிக்காமல் சொன்னேன்.

ஊருக்குப் போய் இரண்டு மாதத்தில் கடிதம் போட்டார். அவரும் ஒரு மருந்துக்கடைக்காரரும் ஒரு பள்ளி ஆசிரியையும் சேர்ந்து ஊரில் பணம் திரட்டிப் புது உருளை வார்த்தாயிற்று. ஆணியும் பதித்தாயிற்று. வசந்த காலத்தில் திறப்பு விழா. அந்த ஏப்பத்தைப் பற்றி ஆசிரியை ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

5. கல்லறைத் தோட்டத்தில்

கடிதம் வந்த வாரம் எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் காலமானார். குழிக்கு அருகில் நின்று அதே பாட்டைப் பாடினோம். இரண்டாம் பாதி நடுவில் நான் திடீரென்று நிறுத்தினேன். மற்றவர்கள் நிறுத்தவில்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை பாதியில் இருக்கிறது. எந்தக் கிறிஸ்தவனும் அங்கே நிறுத்தமாட்டான். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் பாட்டுப் புத்தகத்தின் மூலையை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் கிரீஸ் அடிக்கும் ஒவ்வொரு பேரிங்குக்கும் இரண்டு நிப்பிள், அதாவது கிரீஸ் உள்ளே போகும் மூக்கு. மேல் நிப்பிளுக்கு உரிய அடி, பாட்டின் இரண்டாம் பாதி நடுவில் முடிந்துவிடும். கன்னை எடுத்துக் கீழ் நிப்பிளில் வைக்க வேண்டும். வைக்கும் முன் முனுசாமி அதைத் துணியால் ஒரு துடை துடைப்பார். துடைக்காமல் அடித்தால் மேலே ஒட்டியிருக்கும் மண் கிரீஸோடு உள்ளே போய் பேரிங்கைத் தின்றுவிடும். அந்தத் துடைக்கும் நேரத்துக்குப் பாட்டு நிற்கும். பத்து வருடத்தில் அந்த நிறுத்தம் எங்களுக்குப் பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. கிராம்பெர்க்கின் ஏப்பம், முனுசாமி நிப்பிள் துடைத்த நேரம்.

"பாதியில நின்னுட்டீங்களே ஜெபராஜ், ரொம்ப துக்கமா?" என்று போதகர் தோளைத் தொட்டார்.

"ஆமாங்கய்யா" என்றேன். பொய்யும் இல்லை.

6. எழுதுவதா வேண்டாமா

இரண்டு வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை. நாமாகச் சொல்லாவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் லோத்தர் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும், அந்த ஆசிரியையின் கட்டுரை கிழிய வேண்டும், வார்த்த உருளை வீண். ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் காத்திருந்து கேட்ட பாட்டு. அதில் போய் நம் கைவேலை! கிராம்பெர்க்கை நினைத்தாலும் பாவமாக இருந்தது. ஏழு ஓபராவில் மிஞ்சியது ஒரே பாட்டு, அதையும் கெடுத்தாயிற்று.

கடைசியில் முனுசாமியிடம் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அய்யய்யோ, என்னாலயாங்க சார்? நான் தொடச்சிகினு இருந்தது ஒரு குத்தமா?"

"குத்தம் இல்லப்பா. மாத்தலைன்னு சொன்னது நான்தான்."

கிரீஸ் கன்னைக் கீழே வைத்தார். "எழுதிப் போட்டுடுங்க சார். பேரிங்ல மண்ணு போனது தெரிஞ்சிகினே மூடி வச்சா என்னாவும்? வீல் நிக்கிற அன்னிக்கி எல்லாரும் வந்து நிப்பாங்க. இப்பவே சொல்லிட்டா ஒரு திட்டோட போவும்" என்றார்.

அன்று ஷிஃப்ட் முடிந்து, டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கம் எழுதினேன். எந்த இடத்தில் எத்தனை தாளத் தட்டு எங்களுடையது என்று படம் போட்டுக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். தபாலில் போட்ட பிறகு சாப்பாடு இறங்கியது.

பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். விழாவும் முடிந்திருக்கும். மனிதர் இனி என் முகத்தில் முழிக்கமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். முனுசாமி மட்டும் தினமும், "லெட்டர் வந்துதுங்களா சார்?" என்று கேட்பதை விடவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு தடித்த கவர் வந்தது. லோத்தர் எழுதியிருந்தார்: என் கடிதத்தைப் படித்ததும் அதை மருந்துக்கடைக்காரரிடமும் ஆசிரியையிடமும் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு மூவரும் கூடினார்கள். ஆணிகளைப் பிடுங்கி, நிறுத்தம் இல்லாமல் மறுபடி பதித்துவிடலாம் என்றார் மருந்துக்கடைக்காரர். கட்டுரை எழுதிய ஆசிரியைதான் கூடாது என்றாராம். ஊரில் ஒருவரும் காப்பாற்றாத பாட்டை எங்கேயோ இருக்கும் ஐந்து பேர் வேலை செய்துகொண்டே காப்பாற்றியிருக்கிறார்கள், அவர்கள் மூச்சுவிட்ட இடம் அதில் இருந்தால் என்ன குறைச்சல் என்று கேட்டிருக்கிறார். ஆனால் அதை மறைக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

கூடவே ஒரு போட்டோ. கடிகாரத்தின் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் இருந்ததை லோத்தர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். நான் கேங்குக்குத் தமிழில் வாசித்தேன்:

"பாட்டு: தோபியாஸ் கிராம்பெர்க், இவ்வூர். நிறுத்தம்: முனுசாமி, நெய்வேலி."

பையன்கள் கூச்சல் போட்டார்கள். "இங்கதான் கான்ட்ராக்ட்டு, அங்க உன்ன பெர்மனன்ட் ஆக்கிட்டாங்கடா மாமா!" என்று ஒருவன் கத்தினான். நான் அழுதேன் என்றே சொல்லலாம், அன்றைக்குத் தூசி இல்லை.

முனுசாமி போட்டோவைக் கையில் வாங்கவில்லை. கை கிரீஸ் என்று தள்ளி நின்றே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலை செய்கிறவன் கை பட்டால் எதுவும் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அதில் தப்பில்லை. மாற்றினால் மாற்றினேன் என்று லாக் புக்கில் எழுதுங்கள். கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், கேட்காவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள். வாத்து விஷயத்தை மட்டும் எங்கள் போதகரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

போட்டோ வந்த அன்று முனுசாமி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அந்தக் கடியாரத்துக்கு கிரீஸு யாருங்க சார் வெக்கிறாங்க?"

"லோத்தர் சார்தான், இப்ப ரிட்டயர் ஆயிட்டாரே."

"அப்ப சரி. தொடச்சிட்டு வெக்கச் சொல்லி எழுதுங்க" என்றார். எழுதினேன்.