கைப்பிடி இல்லாத காரும் கல்யாணக் கெடுவும்

கார் ஓட்டுவது பெரிய வித்தையில்லை, அதற்குள் ஏறுவதுதான் வித்தை என்பது இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பிடி கதவோடு கதவாகப் படுத்துக்கொண்டு, மனசு வந்தால் மட்டும் வெளியே தலைகாட்டும் கார்களின் முன்னால் நின்று அசடு வழிந்த அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ஏழுமலை, செய்யூர்ப் பக்கத்து ஆள். கூப்பிட்டால் போகிற ஆக்டிங் டிரைவராகவே காலத்தை ஓட்டியவன். வேலை வந்த வாரம் மீன் குழம்பு, வராத வாரம் ரசம். செங்கல்பட்டில் லாரிகள் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், மகள் கல்யாணத்தை முன்னிட்டுப் பெரிய எலெக்ட்ரிக் கார் வாங்கினார். என்னை மாசச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார்: "கல்யாணம் வரிக்கும் பாப்பேன். வண்டி உனுக்குப் புடிபடலன்னா மெட்ராஸ்லேர்ந்து வேற ஆள இட்டாந்துடுவேன்."

தடவிக் கொடுத்த கதை

மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலுக்குள் முதலாளி போனார். நான் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கதவில் கைப்பிடியைக் காணோம். சாவி பையில் இருந்தால் போதும், ஓரத்தைத் தொட்டால் வெளியே வரும் என்று ஷோரூமில் சொல்லித்தான் அனுப்பினார்கள். எந்த ஓரம் என்று நான் கேட்டுவைக்கவில்லை. முன்னால் தொட்டேன், பின்னால் தொட்டேன், உள்ளங்கையை வைத்து மொத்தமாகத் தேய்த்தேன். முதலாளி வெளியே வருகிற நேரமாகிவிட்டது. வேர்த்துக் கொட்டியது.

காவலுக்கு நின்ற செக்யூரிட்டி அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு மெதுவாக வந்தார். திருடன் என்று விசில் ஊதியிருக்கலாம், ஊதவில்லை. ஒரு விரலால் முன் ஓரத்தை அழுத்தினார். கைப்பிடி சமர்த்தாக வெளியே வந்தது. அந்த நல்ல மனுஷன் சொன்னது இதுதான்: "இன்னா அண்ணாத்த, கண்ணுக்குட்டிய தடவிக் குடுக்கிற மாரி தடவிகினு கீற? ஒரு அமுக்கு அமுக்கு, அவ்ளோதான்!"

சந்தனம் காய்ந்த சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை தோறும் முதலாளியின் மனைவி காருக்குப் பூஜை போடுவார். அந்த அம்மாவுக்குக் கதவு என்றால் கைப்பிடி, கைப்பிடி என்றால் சந்தனம் குங்குமம். நாலு கதவுக்கும் தாராளமாக அப்பிவிட்டார். மறுநாள் காலையில் அது காய்ந்து பிளாஸ்டர் போட்டதுபோல் இறுகிவிட்டது. உள்ளே மோட்டார் முனகுகிறது, கைப்பிடி அசையவில்லை. முதலாளி பெல்ட்டை மாட்டியபடி வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். நான் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன்.

அதை அந்த அம்மா பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ ஒரு சொம்பு வெந்நீரும் துண்டுமாக ஓடிவந்து, முதலாளி செருப்புப் போடுவதற்குள் தானே துடைத்து முடித்துவிட்டார். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், கையெல்லாம் சந்தனம். "சாமிக்கு வச்சத நகத்தால நோண்டாதப்பா. இனிமே கைப்புடிக்கு வாணாம், முன்னாடி வச்சிடறேன். அதுக்கும் நெத்தின்னு ஒண்ணு கீது இல்ல?" என்றார்.

சதுரங்கப்பட்டினத்து வஞ்சிரம்

இந்தக் கூத்துக்கு நான் பொறுப்பில்லை. சதுரங்கப்பட்டினத்தில் முதலாளி ஆசையாக வஞ்சிரம் வாங்கினார். நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: கையில் பை இருந்து போன் வந்தால், பையைப் பக்கத்தில் எந்தக் கைப்பிடி கிடைக்கிறதோ அதில் மாட்டிவிடுவது. அவரும் மீன் பையைப் பின்கதவில் மாட்டிவிட்டு, பேசிக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வண்டியை எடுத்தேன். கைப்பிடி பையின் காதைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது.

கல்பாக்கம் நெருங்கும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பைக்கில் துரத்தி வந்த ஒருவர் ஹாரன் அடித்து நிறுத்தினார். மீன் பத்திரமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கு விழவேண்டிய திட்டு எதுவும் விழவில்லை, அதற்கு அவருக்கும் அந்த மீனுக்கும் நன்றி. முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பைக்கில் வந்தவர் சொன்னார்: "நைனா, உங்க காரு தானா மீன் புடிச்சுகினு போவுது!"

மாப்பிள்ளை அழைப்பு

கெடு முடிகிற நாளும் வந்தது. கடற்கரையோர மண்டபம், மேளம், வாணவேடிக்கை. மாப்பிள்ளை பின்சீட்டில், நான் ஸ்டியரிங்கில். பெண்ணின் அண்ணன் வந்து கார் கதவைத் திறந்து, மாலை போட்டு, கையைப் பிடித்து இறக்க வேண்டும். அதுதான் முறை. வேறு யார் திறந்தாலும் மரியாதைக் குறைச்சல், மாப்பிள்ளை தானாக இறங்கினால் அதைவிடக் குறைச்சல்.

முதலாளி மகன் மாலையோடு வந்தார். அழுத்தினார். கைப்பிடி வரவில்லை. எப்படி வரும்? பூ அலங்காரம் செய்தவர் கைப்பிடிமேல் மல்லிகைச் சரத்தை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருந்தார். நான் இறங்கிப் போகலாமென்றால், என் கதவில் சாய்ந்துகொண்டு பாதிக் கல்யாணக் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா குரலை உயர்த்தினார்: "கதவத் தொறக்கவே ஆளில்லாத வூட்லியா சம்மந்தம் பண்றோம்? வண்டியத் திருப்பச் சொல்லு!" முதலாளியின் முகம் செத்துப்போனது. அவர் மகளுடைய கல்யாணமே தடுமாறி நிற்கிறது, என் சம்பளம் எம்மாத்திரம்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளை யாரையும் பார்க்காமல், பட்டு வேட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். உட்பக்கத்து லிவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கதவு விரல் நுழைகிற அளவுக்கு விலகியது. மச்சான் அதைப் பிடித்து விரியத் திறந்தார். மேளம் கொட்டியது, பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார், முதலாளிக்கு உயிர் வந்தது.

சாப்பாடு முடிந்ததும் முதலாளி வந்து, சாவி என்னிடமே இருக்கட்டும் என்றார். மாப்பிள்ளையை அறையில் இறக்கிவிடும்போது, "சார், நீங்க மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "கதவத் தொறந்தது எங்க மச்சான்தாண்ணா. நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க."

இன்றுவரை அந்தக் காரின் கதவை ஒருநாளாவது முழு நம்பிக்கையோடு திறந்திருப்பேனா என்றால் இல்லை, ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் மட்டும் தொடாமலே வந்துவிடுகிறது.