எரியாத டெஸ்டர்

குளியலறைக் குழாயைத் தொட்ட என் மனைவிக்கு ஷாக் அடித்த மறுநாள், மலிவான டெஸ்டர் ஒன்று வாங்க நாயுடுபுரத்து எலெக்ட்ரிகல் கடைக்குப் போனேன். காதை மூடிய கம்பளிக் குல்லாவும் நரைத்த தாடியுமாக இருந்தார் கடைக்காரர். எந்த டெஸ்டரையும் கடையிலிருந்த பிளக்கில் வைத்துப் பார்க்காமல் அவர் கொடுப்பதில்லை. முதலிரண்டும் எரியவில்லை. இரண்டையும் ஒடித்துக் குப்பையில் போட்டார்.

"கம்பெனிக்கே திருப்பி அனுப்பலாமே பாய்?"

"அது சுத்திச் சுத்தி வேற கடைக்கு வந்துரும்ங்க. எரியலைன்னதும் கரண்டு இல்லைன்னு நம்பி எவனாச்சும் கம்பியத் தொட்டுருவான்."

மூன்றாவது எரிந்தது. "வெல கம்மிதான், ஆனா போதும்ங்க. வீட்டுலயும் மொதல்ல கரண்டு இருக்குற பிளக்குல வச்சுப் பாத்துட்டுச் சோதிங்க" என்றார்.

வீட்டில் கீசரின் வெளித்தகட்டில் வைத்ததுமே டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. பதறிப்போய் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். முகம் தெரியாத ஒருவனுக்காகத் தன் சரக்கையே ஒடித்துப்போடும் பழக்கம் அந்தக் கடைக்காரருக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.