ஓசி என்று சொன்னேன்

என் மகளின் வேலையைப் பறித்தவன் நான். ஒரே ஒரு சொல்லால்... ‘ஓசி’ என்ற சொல்லால்.

இங்கே இணையம் வந்த புதிது. பிரிக்ஃபீல்ட்சில் ஒரு கணினி நிறுவனத்தில் நான் சர்வீஸ் மேனேஜர். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் பெட்டிகளை விற்றோம். எல்லாப் பெட்டிகளுக்கும் தொழிற்சாலையில் போட்ட ஒரே கடவுச்சொல். யாராலும் மாற்ற முடியாது. அது வெளியே கசிந்துவிட்டது என்று தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. அதை மேசைக்குள் வைத்துப் பூட்டியவன் நான். வாங்கியவர்கள் எவருக்கும் சொல்லவில்லை.

கிள்ளானில் ஒரு கிளினிக்கின் கணினிகளை என் மகள் மலர்விழி பார்த்துக்கொண்டாள். இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை அவற்றில் போட்டிருந்தாள். மோடம் பெட்டி எங்களுடையது, என் சிபாரிசு. ஒருநாள் யாரோ தொலைபேசி வழியே உள்ளே புகுந்து நோயாளிகளின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் நோய் அவள் வேலை செய்த இடம்வரை தெரிந்துபோனது.

டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார். தப்பு பெட்டியிலா, சிஸ்டத்திலா என்று கேட்டார்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தக் கடிதம் வெளியே வந்தால் என்னை யார் வேலைக்கு வைப்பார்கள்? இவள் சின்னவள், எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேனா... இப்போதுதான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேனா?

“பெட்டி ஓகே டாக்டர். சிஸ்டம்தான் ஓசியில வந்தது. ஓசி சாமான் அப்படித்தான் லா.”

டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. “பெத்த அப்பாவே சொல்றாரு. இதுக்கு மேல என்ன இருக்கு?”

அந்தச் சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஓசிச் சோறு, ஓசிப் பயணம்... எத்தனையோ பேர் உழைத்து, எவரும் படித்துப் பார்க்கட்டும் என்று திறந்து வைத்த ஒன்றை அந்த இரண்டெழுத்தில் அசிங்கப்படுத்தினேன். பூட்டி வைத்தவர்கள் நாங்கள்!

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டாள். “அப்பா, பெட்டியில ஒண்ணும் இல்லதானே? நல்லா பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. ஒண்ணும் இல்ல.”

அவள் நம்பினாள். அதுதான்... அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை போன பிறகும் இரண்டு மாதம், அந்த இயங்குதளத்தின் நிரலை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பென்சிலால் வரி வரியாகத் தேடினாள். இல்லாத ஓட்டையை! நான் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். ஒருநாள் காகிதங்களை எல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தாள். தனக்கு அவ்வளவுதான் அறிவு என்றாள்.

இப்போது சுங்கை பூலோவில் பூச்செடி விற்கும் இடத்தில் வேலை செய்கிறாள்.

போன ஞாயிறு என் தங்கை வந்திருந்தாள். கடைக்குக் கணினி வாங்க வேண்டும், எது நல்லது என்று மலரிடம் கேட்டாள்.

“என்னைக் கேக்காதீங்க அத்தை. நான் கை வச்சு ஒரு பொம்பளையோட மானமே போச்சு. அப்பாகிட்ட கேளுங்க. அவர் பாத்துச் சொன்னா சரியா இருக்கும்.”

கேலியாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

தங்கை என் பக்கம் திரும்பினாள். எந்தக் கணினி வாங்கலாம் என்று நான் சொன்னேன்.